பிளஸ் டூ படிக்கிற பெண் பிள்ளைகளுக்குப் போன் வாங்கித் தரலாமா?

கேள்வி கேட்டவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் கொங்குப் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பையன்கள் ஏறக்குறைய எல்லாரிடமும் டச் போன் இருக்கிறதாம், பெண் பிள்ளைகளில் நாலைந்து பேரிடம்தானாம். நண்பர்கள் காசு போட்டு இருபது பெண்களுக்குப் போன் வாங்கித் தரலாம் என்று இருக்கிறார்கள். இது உதவுமா, இல்லை வம்பை விலைக்கு வாங்குகிற வேலையா என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் போன் வாங்குவதைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கென்னவோ அவர் மனசில் இருப்பது வேறு என்று படுகிறது. வீட்டில் போன் இருந்தும் மகன் கைக்குப் போவது ஏன் மகள் கைக்குப் போவதில்லை, வெளியிலிருந்து நாலு பேர் காசு போட்டால் அது மாறுமா?

வாங்கித் தரலாம். ஆனால் சேர்க்கிற பணத்தில் பாதிதான் போனுக்குப் போக வேண்டும். போன் அந்தப் பிள்ளையின் கையிலேயே தங்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். நான் அரசுப் பெண்கள் பள்ளியில் கணினிப் பாடம் எடுத்தவள். இப்போது வளரிளம் பெண்களுக்குப் போன், இணையப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். நான் பார்த்த வீடுகள் பெரும்பாலும் மேற்கு மாவட்டங்களில் விசைத்தறி, தோட்டக் கூலி, கட்டட வேலை பார்க்கிறவர்களின் வீடுகள். கடலோர ஊர்களிலும் பெருநகரங்களிலும் நடைமுறை மாறலாம், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கணக்கெடுப்புகள். இந்த விஷயத்தில் கால் ஊன்றி நிற்க முடிகிற இடம் அதுதான். கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சந்திக்கும் அசர் ஆய்வு 2023-இல் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டது. மொத்தம் 28 மாவட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர். பத்தில் ஒன்பது பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். அடுத்த வருட ஆய்வில் பையன்கள் 36.2, பெண்கள் 26.9. ஒரே வருடத்தில் இடைவெளி பாதிக்கு மேல் மூடிவிட்டது என்று இதை வாசித்துவிடக் கூடாது. இரண்டாவது ஆய்வு போன் பற்றிக் கேட்டது 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களிடம் மட்டும். இடைவெளி நன்றாக விரிவதே 16 வயதுக்குப் பிறகுதான்: பையன் பத்தாவது முடித்ததும் போன் கேட்பான், கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் உடனே தேசியக் குடும்பநல ஆய்வைக் காட்டுவார்கள். 2019–21 கணக்குப்படி, தான் பயன்படுத்தும் போன் தன்னிடம் இருக்கிறது என்று சொன்ன பெண்கள் இங்கே 74.6 சதவீதம். நாட்டுச் சராசரி 54, மத்தியப் பிரதேசத்தில் 38.5. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. அதே ஆய்வில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியவர்கள் என்று பார்த்தால் தமிழ்நாட்டுப் பெண்கள் 46.9, ஆண்கள் 70.2. முக்கால்வாசிப் பெண்களிடம் போன், ஆனால் நெட் பயன்படுத்தியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அப்படியென்றால் அந்தப் போன்களில் நிறைய பட்டன் போன்கள். இன்னொன்று, இந்த ஆய்வு 15 முதல் 49 வயது வரையிலான பெண்களை ஒன்றாக எண்ணுகிறது. வயதுவாரியாகப் பிரித்தால் நாட்டளவில் 15–19 வயதில் 32 சதவீதத்திடம்தான் போன், 25–29 வயதில் 65 சதவீதம். நடுவில் என்ன நடக்கிறது? சிலர் வேலைக்குப் போகிறார்கள், நிறையப் பேருக்குக் கல்யாணம் ஆகிறது. எங்கள் பக்கம் நிச்சயம் ஆனதும் மாப்பிள்ளை வீட்டில் போன் வாங்கிக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதுவரை யாரோடும் பேசக் கூடாது என்று வைத்திருந்த பெண்ணிடம், அன்றிலிருந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசு என்கிறார்கள்.

ஆக, உங்கள் ஊரிலும் பெரும்பாலான வீடுகளில் போன் ஏற்கெனவே இருக்கும். யார் கையில், எந்த நேரத்தில் என்பதுதான் சிக்கல். நான் அடிக்கடி பார்க்கிற வீட்டைச் சொல்கிறேன். வீட்டின் டச் போன் அப்பாவுடையது, காலையில் அவரோடு வேலைக்குப் போய்விடும். சாயங்காலம் ஏழரைக்கு வந்து சார்ஜில் மாட்டினால் முதலில் எடுப்பது தம்பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் முக்கால்வாசி ரீல்ஸிலும் கேமிலும் போய்விடும். அக்கா பாத்திரம் கழுவி, வீட்டு வேலை முடித்து உட்காரும்போது மணி ஒன்பது. வகுப்பு வாட்ஸப் குரூப்பில் டீச்சர் போட்ட பிடிஎஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இறங்காது. பக்கத்தில் தம்பி உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். தோழி ஒருத்தி மாதவிடாய் வலிக்கு என்ன செய்வது என்று கேட்டு ஒரு மெசேஜ் போட்டிருந்தால்கூட, அதை முதலில் படிப்பது அப்பாவாக இருக்கும். கணக்கெடுப்பில் இந்தப் பெண் 'வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, பயன்படுத்தத் தெரியும்' என்ற கட்டத்தில் சரியாக உட்கார்ந்துவிடுவாள்.

இதனால் பாடம் மட்டும்தான் கெடுகிறது என்று நினைக்காதீர்கள். இன்றைக்குப் பிளஸ் டூ முடித்த பிள்ளை எங்கே போனாலும் ஓடிபி கேட்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, கலைக்கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு மொபைல் எண் வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிற பெண், சென்ட்ரிங் வேலையில் இருக்கிற அப்பாவுக்கு அங்கிருப்பவரின் போனிலிருந்து கூப்பிட்டு "அப்பா, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்கிறாள். அவர் கையெல்லாம் சிமென்ட். கை கழுவி, கண்ணாடி தேடி, எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அடுத்த தடவை சென்டர்காரர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். ஒதுக்கீட்டுத் தகவல் அவருக்கு வரும், பிள்ளைக்கு வராது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் சொந்தக் கணக்குக்கே போகிறது. 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது, நல்ல திட்டம். ஆனால் அந்தக் கணக்கில் இணைத்திருக்கும் எண் பல வீடுகளில் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. பணம் ஏறியது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அதனால் என்னிடம் யாராவது ஒரே ஒரு உதவி செய்ய முடியும் என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டால், போனைவிட முதலில் அவளுக்கென்று ஓர் எண் என்றுதான் சொல்வேன். பட்டன் போனில் போட்ட சிம் ஆனாலும் பரவாயில்லை.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 18 வயது நிரம்பாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள். எனவே உங்கள் இருபது பேரில் பெரும்பாலோருக்கு வீட்டில் வேறொருவர் பெயரில்தான் எடுக்க வேண்டும். முடிந்தவரை அம்மா பெயரில் எடுக்கச் சொல்லுங்கள், 18 ஆனதும் பெயர் மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் பெயரில் எடுத்த சிம்மை அண்ணன் ஒரு சண்டையில் முடக்கிவிட்டு, அந்தப் பெண் வங்கிக்கும் கல்லூரிக்கும் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ரீசார்ஜ். ஜியோவில் நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பேக் 2024 ஜூலையில் 239-லிருந்து 299 ரூபாய் ஆனது, மற்ற தனியார் நிறுவனங்களும் அதே சமயத்தில் ஏற்றின. 28 நாள் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை. அந்த விலையிலேயே வருடம் 3,887 ரூபாய் ஆகிறது. எட்டாயிரம் ரூபாய் போன் வாங்கித் தந்தால், இரண்டு வருட ரீசார்ஜுக்குப் போனின் விலைக்கு இணையாக இன்னொரு தொகை வேண்டும். அதை யார் கட்டுவது? கூலி வீட்டில் கை இறுகும்போது முதலில் நிற்பது மகளின் ரீசார்ஜ். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணே ரத்தாகலாம். அப்புறம் அந்த எண்ணோடு கட்டிவைத்த வங்கி, ஆதார், கல்லூரி எல்லாம் தொங்கும். பட்ஜெட்டில் பாதிதான் போனுக்கு என்று மேலே சொன்னது இதனால்தான்.

சரி, இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பணம் இல்லாத வீட்டிலும் பையனுக்குத் தவணையில் போன் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு வராததற்குக் காரணம் பயம். ஹார்வர்ட் கென்னடி பள்ளி ஆய்வாளர்கள் 2018-இல் இந்தியப் பெண்களின் போன் பயன்பாடு பற்றி எழுதிய அறிக்கையும் இதையேதான் சொன்னது. கல்யாணத்துக்கு முன் பெண்ணின் 'நல்ல பேர்' கெடும் என்ற அச்சம், கல்யாணத்துக்குப் பின் வீட்டுப் பொறுப்பு கெடும் என்ற குறை. வருமானமும் படிப்பும் கூடினால் மட்டும் இது தானாகப் போய்விடாது என்றது. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்தின் சூரஜ் கிராமத்தில் 2016-இல் கல்யாணமாகாத பெண்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடே போட்டார்கள், மீறினால் அபராதம். நம் ஊரில் அப்படித் தண்டோரா போடத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு அந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் பாதி உண்மையான ஆபத்து. போலிக் கணக்கு வைத்துப் பேசுகிறவர்கள், படத்தை வாங்கி மிரட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மீதிப் பாதி, பேசாமல் விடுகிற விஷயம்: பிள்ளை வேற்றுச் சாதிப் பையனோடு பழகிவிடுவாள் என்ற பயம். 'பாதுகாப்பு' என்று கூட்டத்தில் சொல்கிற அப்பா, தனியாகப் பேசும்போது இதைத்தான் சொல்கிறார். நான் அவரோடு வாதாடி ஜெயித்ததில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் முதல் பாதிக்கான வேலையும் நடக்காது என்று மட்டும் தெரியும்.

பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி, வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி விவகாரம் 2019-இல் வெளியே வந்தபோது எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். குற்றம் செய்தவர்கள் ஆண்கள். ஆனால் போன் பிடுங்கப்பட்டது வீட்டுக்கு வீடு பெண் பிள்ளைகளிடம். டியூஷனுக்குப் போகும்போது கொண்டுபோன பட்டன் போனைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த வழக்கு எப்படி வெளியே வந்தது என்பதைப் பல பெற்றோர் மறந்துவிட்டார்கள். ஒரு கல்லூரி மாணவி நடந்ததை வீட்டில் சொன்னாள், வீட்டார் அவளோடு நின்று புகார் கொடுத்தார்கள். சொன்னால் போன் போய்விடும், படிப்பு நின்றுவிடும், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளைதான் மிரட்டுகிறவனுக்கு வசதி. அவன் கையில் இருக்கிற ஆயுதமே "உங்க வீட்ல சொல்லிடுவேன்" என்பதுதானே.

இந்த இடைவெளியைப் பற்றி நான் பார்த்துத் தெரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான். பெண் பிள்ளைக்குக் கிடைக்கிற போன் எப்போதும் திரும்ப வாங்கப்படக்கூடிய போன். மார்க் குறைந்தால் பிடுங்குவார்கள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு 'ஹாய்' வந்தால் பிடுங்குவார்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி யாரோடோ போய்விட்டாலும் இவளிடம் பிடுங்குவார்கள். பையன் ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்தால் திட்டு விழும், அழுகை நடக்கும், ஊரில் உள்ள மற்றப் பையன்களின் போனை யாரும் வாங்கி வைப்பதில்லை. போன் கொடுப்பதோடு இந்தப் பழக்கத்தைத் தொடாத எந்தத் திட்டமும் ஆறே மாதத்தில் அண்ணன் கையில் போய் முடியும். 2011-இலிருந்து அரசு கொடுத்த மடிக்கணினி பிள்ளைகளின் பெயரில்தான் வந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. நான் போன வீடுகள் பலவற்றில் அக்காவின் லேப்டாப்பில் தம்பி படம் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜஸ்தானில் 2023 ஆகஸ்டில் பெண்களுக்கு இலவச ஸ்மார்ட்போன் திட்டம் தொடங்கினார்கள், அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. அந்த டிசம்பரில் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. வெளியிலிருந்து வருகிற போனுக்கு இந்த மாதிரி ஆயுசுதான்.

எனவே உங்கள் நண்பர்கள் பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் அம்மாக்களிடம் பேசட்டும், மகளிர் குழுக் கூட்டத்திலேயே பேசலாம். பாதி அம்மாக்களிடம் பட்டன் போன்தான் இருக்கும். மகளுக்கு மட்டும் டச் போன் என்றால் அந்த வீட்டில் அதற்குக் காவல் நிற்க ஆள் இல்லை. மகள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இரண்டு பேரையும் ஒரே பயிற்சியில் உட்கார வைத்தால் நிலைமை மாறுகிறது. கேஸ் புக் பண்ண, ரேஷன் மெசேஜ் பார்க்க, வெளியூரில் இருக்கிற மகனோடு வீடியோ காலில் பேச என்று அம்மாவுக்கே அந்தப் போன் தேவைப்பட ஆரம்பித்தால், அதைப் பிடுங்குவது அப்பாவுக்கும் சுலபமில்லை. பிறகு அப்பாக்களிடம் ஒரே ஒரு வாக்குக் கேளுங்கள்: பிள்ளை தானாக வந்து ஒரு பிரச்சினையைச் சொன்னால், அந்தக் காரணத்துக்காகப் போனைப் பிடுங்குவதில்லை. மற்ற விதிகளை அவர்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் ஹாலில் இருக்க வேண்டும் என்றால் சரி, அதே விதி தம்பிக்கும் இருந்தால் போதும்.

பயிற்சி என்றால் கம்ப்யூட்டர் வகுப்பு மாதிரி வேண்டாம். திரையைப் பூட்டுவது, ஓடிபியை யாருக்கும் சொல்லாதது, சான்றிதழ்களை அரசின் டிஜிலாக்கர் செயலியில் வைப்பது, கல்லூரிக்கு எந்த பஸ் என்று மேப்பில் பார்ப்பது, தெரியாத ஆளைத் தடுப்பது. இவற்றோடு, யாராவது மிரட்டினால் என்ன செய்வது என்று நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். வந்த மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், பணமோ இன்னொரு படமோ தரக் கூடாது. சிறுவர்களுக்கு 1098, சைபர் குற்றத்துக்கு 1930. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க அது உதவும். வாட்ஸப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

போன் வந்தால் மார்க் ஏறுமா என்று கேட்பீர்கள். அந்த நம்பிக்கையில் நன்கொடை கேட்காதீர்கள். 2024 அசர் ஆய்வில் அதற்கு முந்தைய வாரத்தில் போனைப் படிப்புக்குப் பயன்படுத்தினோம் என்றவர்கள் 57 சதவீதம், சமூக வலைத்தளத்துக்கு என்றவர்கள் 76 சதவீதம். பெண் பிள்ளைகளும் ரீல்ஸ் பார்ப்பார்கள், பாட்டுக்கு வாயசைப்பார்கள், தோழியோடு மணிக்கணக்கில் பேசுவார்கள். பையனுக்கு அது வயசுக் கோளாறு, பெண்ணுக்கு அது குற்றமா? மார்க் ஏறும், வேலை கிடைக்கும் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தால், முதல் மாதத் தேர்வில் மார்க் குறைந்ததும் நீங்கள் சொன்ன காரணத்தைக் காட்டியே பிடுங்குவார்கள். சேர்க்கை, உதவித்தொகை, பயணம், அவசரத்துக்கு ஒரு அழைப்பு, இவை நிச்சயமான பலன்கள். அவற்றை மட்டும் சொல்லுங்கள்.

கல்லூரி விடுதிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் அங்கேயும் போன் வாங்கி வைக்கிற வழக்கம் உண்டு. கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி, விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணைய வசதி கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டு விடுதிகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வார்டனிடம் பேசப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள நல்ல தீர்ப்பு.

கடைசியாக, இருபது போனையும் ஒரே நாளில் மேடை போட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் ஆறேழு பேர், பிளஸ் டூவில் இருப்பவர்களாக, அம்மா ஒத்துக்கொண்ட வீடுகளாகப் பார்த்துக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் ஆள் ஒருவர், பெண்ணாக இருந்தால் நல்லது, வீட்டுக்குப் போய் இரண்டு விஷயம் மட்டும் பார்க்கட்டும்: போன் இப்போது யாரிடம் இருக்கிறது, அதன் லாக் யாருக்கெல்லாம் தெரியும். ரீசார்ஜ் பணத்தைக் கையில் தராமல் நீங்களே அந்த எண்ணுக்குப் போட்டுவிடுங்கள். மீதிப் பேருக்கு வாங்குவதை அந்த விடையைப் பார்த்து முடிவு செய்யலாம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போனோடு படம் எடுத்து ஊர் குரூப்பில் போடும் ஆசை உங்கள் நண்பர்களில் யாருக்காவது இருந்தால், அதை இப்போதே தடுத்து வையுங்கள். எந்த வீட்டுப் பெண்ணிடம் புதுப் போன் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.